உப குத்தகைக் கடைகளும் மீளக் கிடைக்காத வரியும்

பிரித்தானியாவில் கடையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, அதனைத் திருத்தியமைத்து, பின்னர் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இன்னொருவருக்கு உப குத்தகைக்கு விடுவது புதிய வழக்கமன்று. இலண்டனின் ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், ஹரோ, வெம்பிளி போன்ற இடங்களில் எமது மக்கள் நடத்திவரும் கடைத் தெருக்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பலசரக்குக் கடையின் முன்புற மூலையில் பணம் அனுப்பும் முகவர் ஒருவர் இருப்பார். பின்புற அறையில் தையற்காரர் ஒருவர் இருப்பார். மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கும். ஏறிச் செல்லும் வாடகையைத் தனியொருவராகச் சுமக்க முடியாதபோது, அதனைப் பலராகப் பகிர்ந்துகொள்வது வர்த்தகத்தில் இயல்பானதே.

ஆனால் இந்த ஏற்பாட்டினுள் ஒரு வரிச் சிக்கல் மறைந்திருக்கின்றது. கடையைத் திருத்தியமைப்பதற்குச் செலவிட்ட பணத்தின் மீது செலுத்திய பெறுமதி சேர் வரியை, அதாவது எமது வர்த்தகர்களின் பேச்சில் 'வற்' என வழங்கும் வரியை, மீளப் பெறமுடியுமா என்பதே அந்தச் சிக்கல். பிரித்தானியாவில் இந்த வரி 2011 ஜனவரி 4 ஆம் திகதி முதல் 20 வீதமாக இருந்து வருகின்றது. வர்த்தகக் கட்டடத்தில் தளம் போடுதல், மின் இணைப்பு, குளிரூட்டி, முகப்புக் கண்ணாடி, தடுப்புச் சுவர் என 90,000 பவுண் செலவு செய்பவர், அதற்கு மேல் 18,000 பவுண் வரியையும் கட்டட ஒப்பந்தகாரரிடம் செலுத்த வேண்டியிருக்கும். இது சிறு வர்த்தகர் ஒருவரின் பல வருடச் சேமிப்பாகும். அது திரும்பி வருமா, வராதா என்பதை அவர் எவ்வளவு செலவழித்தார் என்பது தீர்மானிப்பதில்லை. உப குத்தகைக்கு விடுவதற்கு முன்னர் அவர் என்ன முடிவை எடுத்து, அதனை எவ்வாறு எழுத்தில் பதிந்தார் என்பதே தீர்மானிக்கின்றது. இந்த உண்மையைக் காலம் கடந்த பின்னர் அறிந்துகொள்பவர்களே அதிகம்.

பூச்சிய வீதமும் வரிவிலக்கும் ஒன்றல்ல

பெறுமதி சேர் வரியின் அடிப்படை எளிமையானது. வர்த்தகர் தாம் விற்கும் பொருளுக்கோ சேவைக்கோ வரி அறவிடுகின்றார். தாம் வாங்கியவற்றுக்குச் செலுத்திய வரியை அதிலிருந்து கழித்துக்கொண்டு மீதியை அரசாங்கத்துக்குச் செலுத்துகின்றார். எனவே உண்மையில் வரியைச் சுமப்பவர் இறுதி நுகர்வோரே. இடையில் நிற்கும் வர்த்தகர் வரியைச் சேகரித்துக் கொடுப்பவர் மட்டுமே.

இந்தச் சங்கிலி வரிவிலக்கு என்னும் இடத்தில் அறுந்து விடுகின்றது. இங்குதான் பலரும் தடுமாறுகின்றனர். பிரித்தானியாவில் அரிசி, பருப்பு, மரக்கறி போன்ற பெரும்பாலான உணவுப் பொருட்களுக்கு வரி பூச்சிய வீதமாகும். வாடிக்கையாளரிடம் எதுவும் அறவிடப்படாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அது வரிக்குட்பட்ட விற்பனையே. ஆகையால் பலசரக்குக் கடைக்காரர் தமது கடைச் செலவுகளின் மீதான வரியை மீளப் பெறுகின்றார். ஆனால் காணியையோ கட்டடத்தையோ வாடகைக்கு விடுவது, சட்டம் வேறுவிதமாகக் கூறாவிட்டால், வரிவிலக்குக்குரியது. வாடகைக்கு வரி அறவிட வேண்டியதில்லை என்பதைக் கேட்கும்போது இது சலுகை போலத் தோன்றும். உண்மையில் அதற்கு விலை உண்டு. வரிவிலக்குக்குரிய வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவின் மீதான வரியை மீளப் பெற முடியாது. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கடைக்காரருக்கோ 18,000 பவுண் வித்தியாசம்.

தெரிவுரிமை வந்த வரலாறு

1973 ஏப்ரல் முதலாம் திகதி பிரித்தானியாவில் இந்த வரி நடைமுறைக்கு வந்தபோது, புதிய கட்டட நிர்மாணம் பூச்சிய வீதத்தின் கீழ் இருந்தது. வர்த்தகக் கட்டடங்களுக்கும் அச்சலுகை கிடைத்தமையால் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுபவர்களுக்கு இப்பிரச்சினை பெரிதாகத் தோன்றவில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு இதனை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடியது. வீடுகளுக்கு வழங்கப்பட்ட சலுகையைச் சமூக நோக்கம் கொண்டதென ஏற்ற நீதிமன்றம், வர்த்தகக் கட்டடங்களுக்கு அது பொருந்தாதென 1988 ஜூனில் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1989 ஏப்ரல் முதல் வர்த்தகக் கட்டட நிர்மாணத்துக்கு முழு வீதத்தில் வரி வந்தது.

வாடகை வரிவிலக்குக்குரியதாகவே இருக்க, கட்டும் செலவுக்கு மட்டும் வரி விதித்தால் அந்த வரி முழுவதும் கட்டட உரிமையாளரின் தலையில் விழும். இதனைத் தவிர்ப்பதற்காகவே 1989 ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் 'வரிக்குட்படுத்தும் தெரிவு' என்னும் உரிமை வழங்கப்பட்டது. வாடகைக்கு விடுபவர் தாமாகவே முன்வந்து, தமது வாடகைக்கு வரி அறவிடப் போவதாகத் தெரிவு செய்யலாம். அவ்வாறு செய்தால் வாடகை வரிக்குட்பட்டதாகிவிடும். அறுந்த சங்கிலி மீண்டும் இணைந்து, கட்டடச் செலவின் மீதான வரியை மீளப் பெறும் வழி திறக்கும்.

இது பெரும் கட்டட நிறுவனங்களை மனதிற் கொண்டு வரையப்பட்ட ஏற்பாடு. சட்ட ஆலோசகரும் கணக்காளரும் தொடக்கத்திலிருந்தே உடனிருக்கும் நிறுவனத்துக்கு இதிற் சிரமம் எதுவும் இல்லை. சிரமப்படுவது, சாவி கைக்கு வந்த மறுநாளே ஒப்பந்தகாரரை அழைத்துச் சுவரை இடிக்கத் தொடங்கும் சிறு வர்த்தகரே.

எங்கே தவறுகின்றனர்?

முதலாவது தவறான எண்ணம், கட்டட உரிமையாளர் செய்த தெரிவு தம்மையும் சேரும் என்பதாகும். 'நான் மாதந்தோறும் வரியுடன் சேர்த்துத்தானே வாடகை செலுத்துகிறேன், ஆகவே இந்தக் கடை வரிக்குட்பட்டதுதானே' எனக் குத்தகைக்காரர் நினைக்கின்றார். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. தெரிவு என்பது அதனைச் செய்தவருக்கு மட்டுமே உரியது. உரிமையாளர் தெரிவு செய்திருந்தாலும், குத்தகைக்காரர் தனியாகத் தெரிவு செய்யாதவரை அவர் விடும் உப குத்தகை வரிவிலக்குக்குரியதே. இதன் விளைவு இருமடங்கு பாதகமானது. கட்டட வேலையின் மீதான வரி மட்டுமன்றி, உப குத்தகைக்கு விட்ட பகுதிக்காக உரிமையாளருக்கு மாதந்தோறும் செலுத்தும் வாடகையின் மீதான வரியும் மீளக் கிடைக்காமற் போகக்கூடும்.

இரண்டாவது, காலம் பற்றியது. தெரிவு செய்வதில் இரு படிகள் உண்டு. ஒன்று, முடிவெடுத்தல். மற்றது, அந்த முடிவை வி.ஏ.டி. 1614ஏ என்னும் படிவத்தின் மூலம் 30 நாட்களுக்குள் பிரித்தானிய இறைவரி, சுங்கத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்தல். முடிவை உரிய காலத்தில் எடுத்து, அறிவித்தலை மட்டும் தாமதித்திருந்தால், முடிவெடுத்ததற்கான சான்றுகளைக் காட்டி ஏற்கச் செய்ய வாய்ப்புண்டு. ஆனால் எடுக்காத முடிவை முன்திகதியிட்டு எடுத்ததாகக் காட்ட முடியாது.

மூன்றாவதே மிகவும் கடுமையானது. கட்டட வேலையின் மீதான வரி, அந்தக் கட்டடத்தின் முதற் பயன்பாட்டுடன் பிணைக்கப்படுகின்றது. வரிவிலக்குக்குரிய நோக்கத்துடன் வேலையைத் தொடங்கியவர், பயன்படுத்துவதற்கு முன்னர், ஆறு வருடங்களுக்குள் தமது நோக்கத்தை மாற்றி வரிக்குட்பட்ட வாடகைக்கு விட்டால் வரியை மீளப் பெறலாம். ஆனால் உப குத்தகைக்காரர் ஒருவர் வரியற்ற வாடகைக்குக் குடிவந்துவிட்டால் அந்தக் கதவு மூடப்பட்டுவிடும். அதன் பின்னர் தெரிவு செய்ய விரும்பினாற்கூட, ஏற்கனவே வரிவிலக்குக்குரிய வாடகைக்கு விட்ட கட்டடம் என்பதனால் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். விண்ணப்பமின்றித் தாமாகவே கிடைக்கும் அனுமதிக்கான நிபந்தனைகளுள் ஒன்றோ, தெரிவுக்கு முன்னர் அந்தக் கட்டடத்துக்காகச் செலுத்திய வரியை மீளக் கோருவதில்லை என்பதாகும். வருங்காலத்துக்கு வழி திறக்கும்போதே கடந்த காலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது.

ஓர் உதாரணத்தின் மூலம் இதனை நோக்குவோம். இரு வர்த்தகர்கள் ஒரே தெருவில் ஒரேயளவான கடைகளைக் குத்தகைக்கு எடுக்கின்றனர் எனக் கொள்வோம். இருவரும் 90,000 பவுண் செலவிட்டு, 18,000 பவுண் வரி செலுத்துகின்றனர். இருவரும் கடை முழுவதையும் வருடத்துக்கு 24,000 பவுண் வாடகையில் உப குத்தகைக்கு விடுகின்றனர். முதலாமவர் வேலை தொடங்குமுன் தெரிவு செய்து, அறிவித்து, வரிப் பதிவும் பெற்று, வாடகைக்கு வருடந்தோறும் 4,800 பவுண் வரி அறவிடுகின்றார். அவருக்கு 18,000 பவுணும் திரும்பக் கிடைக்கின்றது. உப குத்தகைக்காரரும் வரிப் பதிவு பெற்ற வர்த்தகராயின், தாம் செலுத்திய 4,800 பவுணை மீளப் பெற்றுக்கொள்வார். எவருக்கும் இழப்பில்லை. இரண்டாமவர் எதுவும் செய்யாமல் வரியின்றி வாடகைக்கு விடுகின்றார். வருட முடிவில் கணக்காளரைச் சந்திக்கும்போது 18,000 பவுண் போய்விட்டது என அறிகின்றார். ஒன்பது மாத வாடகை வருமானத்துக்குச் சமமான தொகை அது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு உழைப்பிலோ நேர்மையிலோ இல்லை. ஒரு படிவத்திலும் ஒரு திகதியிலுமே இருக்கின்றது.

நான்காவது, வரிச் சிட்டை யாருடைய பெயரில் உள்ளது என்பதாகும். குத்தகை கம்பனியின் பெயரில் இருக்கும், ஒப்பந்தகாரரின் சிட்டையோ அண்ணனின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ இருக்கும். குடும்ப உறவுகளின் மீது கட்டியெழுப்பப்பட்ட எமது வர்த்தகத்தில் இது சாதாரணமாக நடப்பது. ஆனால் வேலை யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவரே வரியை மீளக் கோரலாம் என்பது சட்டம். பதிவுக்கு முந்திய செலவுகளுக்கும் எல்லை உண்டு. கைவசம் உள்ள பொருட்களாயின் பதிவுக்கு முன்னரான நான்கு வருடங்கள் வரையிலும், சேவைகளாயின் ஆறு மாதங்கள் வரையிலுமே கோரலாம். கட்டட ஒப்பந்தகாரரின் வேலை பெரும்பாலும் சேவையாகவே கொள்ளப்படுகின்றது என்பதை மறந்துவிடலாகாது.

இன்னும் வருமானமே வரவில்லை, எப்படிப் பதிவு பெறுவது எனச் சிலர் கேட்கக்கூடும். ஐரோப்பிய நீதிமன்றம் 1985 இலேயே இதற்கு விடை கூறியுள்ளது. கட்டி முடிக்கப்படாத வர்த்தகக் கட்டடமொன்றில் பகுதிகளை வாடகைக்கு விடும் நோக்கத்துடன் வாங்கிய நெதர்லாந்துத் தம்பதியரின் வழக்கில், ஆயத்தச் செலவுகளும் வர்த்தக நடவடிக்கையே எனத் தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்த நோக்கத்தைப் புறச்சான்றுகளால் காட்டுமாறு வரி அதிகாரிகள் கேட்கலாம் எனவும் கூறியது. பிரித்தானியாவிலும் நோக்கத்தின் அடிப்படையில் பதிவு பெறலாம். கட்டாயப் பதிவுக்கான எல்லை 2024 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 90,000 பவுண் ஆகும். அதற்குக் குறைந்த வருமானம் உடையோரும் தாமாக விரும்பிப் பதிவு செய்யலாம். நோக்கத்துக்குச் சான்றாகக் கடிதங்கள், முகவருடனான தொடர்புகள், கூட்டக் குறிப்புகள் முதலியவற்றைப் பேணி வைத்திருப்பது அவசியம்.

அவசரத் தெரிவும் ஆபத்தே

இவ்வளவையும் படித்தபின், எல்லோரும் உடனே தெரிவு செய்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வருவதும் தவறாகும். தெரிவுக்கும் விலை உண்டு. ஆரம்ப ஆறு மாதங்களுக்குள் சில நிபந்தனைகளுடன் அதனைக் கைவிடலாம். அதன் பின்னர் பொதுவாக 20 வருடங்கள் சென்ற பிறகே மீளப் பெற முடியும். அந்தக் கட்டடத்தில் தொடர்ந்து ஆறு வருடங்களுக்கு எவ்வித உரித்தும் இல்லாதிருந்தால் அது தானாகவே அற்றுப்போகும். தெரிவானது கடையின் ஒரு மூலைக்கு மட்டுமன்றி, அந்தக் கட்டடத்தில் அவருக்குள்ள உரித்து முழுவதற்கும் பொருந்தும்.

முதலில் கவனிக்க வேண்டியது, உப குத்தகைக்கு வருபவர் யார் என்பதே. வரியை மீளப் பெறக்கூடியவராயின் அவருக்குக் கவலையில்லை. ஆனால் பணம் அனுப்பும் முகவரின் தொழில் நிதிச் சேவையாகப் பெரும்பாலும் வரிவிலக்குக்குரியது. பல் வைத்தியரின் சிகிச்சையும் அவ்வாறே. 90,000 பவுணுக்குக் குறைந்த வருமானத்துடன் பதிவின்றி இயங்கும் தையற்காரரும் வரியை மீளப் பெற முடியாதவர். இவர்களுக்கு வாடகையுடன் சேரும் 20 வீதம் முழுவதும் உண்மையான செலவு. குத்தகைக்காரர் தமது 18,000 பவுணை மீட்டெடுக்கும்போது, அந்தச் சுமை தம்மிலும் சிறிய வர்த்தகரின் தோளுக்கு மாறிவிடுகின்றது. அல்லது அவர் அந்தக் கடையை விட்டு வேறிடம் தேடுகின்றார். சங்கிலியின் கடைசிக் கண்ணியிலுள்ள மிகச் சிறியவரே இறுதியில் வரியைச் சுமக்கின்றார் என்பது இந்த ஏற்பாட்டின் கசப்பான பக்கமாகும்.

அடுத்து, தெரிவு செய்தாலும் செல்லுபடியாகாத இடங்கள் உள்ளன. மேல்மாடியிலுள்ள குடியிருப்புக்கான வாடகை தெரிவின் பின்னரும் வரிவிலக்குக்குரியதே. ஆகவே மாடி வீட்டுக்கான செலவின் மீதான வரியை இந்த வழியில் மீட்க முடியாது. கூரை திருத்துதல் போன்ற பொதுச் செலவுகளை நியாயமான முறையில் பிரித்துக் காட்டவேண்டும். வர்த்தக நோக்கமற்ற தர்மப் பணிகளுக்காக மட்டும் ஒரு தர்ம ஸ்தாபனம் பயன்படுத்தும் இடத்துக்கும், அலுவலகமாகப் பயன்படும் பகுதி நீங்கலாக, தெரிவு பொருந்தாது. ஆலயமொன்றுக்கோ சமூக அமைப்பொன்றுக்கோ மண்டபத்தை உப குத்தகைக்கு விடுபவர்கள் இதனை முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும். இதற்கு மாறாக, சிகையலங்காரக் கடையில் நாற்காலியொன்றை இன்னொரு தொழிலாளிக்கு வாடகைக்கு விடுவது, 2012 ஒக்டோபர் முதல் சட்டத்தின் வெளிப்படையான வாசகத்தின்படியே வரிக்குட்பட்டது. அங்கு தெரிவு என்ற கேள்விக்கே இடமில்லை.

சிறிய அளவில் உப குத்தகைக்கு விடும் பலருக்குத் தெரிவே தேவைப்படாமலிருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வரிக்குட்பட்ட சொந்த வியாபாரத்தையும் நடத்திக்கொண்டு கடையின் ஒரு பகுதியை மட்டும் விடுபவருக்குச் சட்டம் ஒரு சிறு சலுகை வழங்குகின்றது. வரிவிலக்குக்குரிய வருமானத்துடன் தொடர்புபட்ட உள்ளீட்டு வரி மாதமொன்றுக்குச் சராசரியாக 625 பவுணுக்கு, அதாவது வருடத்துக்கு 7,500 பவுணுக்கு மேற்படாமலும், அவரது மொத்த உள்ளீட்டு வரியில் அரைவாசிக்கு மேற்படாமலும் இருந்தால், அதனையும் முழுமையாக மீளப் பெறலாம். 60,000 பவுண் செலவிட்டு 12,000 பவுண் வரி செலுத்திய கடைக்காரர், மூன்றிலொரு பங்கை முகவர் ஒருவருக்கு விட்டால், அதற்குரிய வரி 4,000 பவுண் மட்டுமே. வேறு வரிவிலக்கு வருமானம் இல்லையெனில், வருடக் கணக்கின்படி அவர் எல்லைக்குள் அடங்கிவிடுவார். தெரிவு செய்து முகவர் மீது 20 வீதத்தைச் சுமத்த வேண்டிய அவசியம் அவருக்கு எழவில்லை. கணக்குப் பார்த்தபின் எடுக்கும் முடிவுக்கும், பயத்தினால் எடுக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உப குத்தகை உடன்படிக்கையின் வாசகமும் முக்கியமானது. தெரிவு செய்த ஒருவர், 'மாத வாடகை 1,200 பவுண்' என்று மட்டும் எழுதி, வரி பற்றி எதுவும் குறிப்பிடாவிட்டால், அந்தத் தொகை வரியையும் உள்ளடக்கியதாகவே கருதப்படும். அதில் ஆறிலொரு பங்காகிய 200 பவுணை அவர் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். கைக்கு எஞ்சுவது ஆயிரமே. 'வரி நீங்கலாக' என்ற இரு சொற்களின் பெறுமதி வருடத்துக்கு 2,400 பவுண்.

சட்டம் யாருக்காக?

பிரித்தானியச் சட்டத்தின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. வர்த்தகச் சங்கிலியின் இடையில் வரி தேங்கக்கூடாது என்பது நியாயமான கொள்கை. நடந்ததைப் பார்த்துவிட்டுப் பின்னர் தெரிவு செய்ய இடமளித்தால், தமக்கு இலாபமான வேளையில் மட்டும் வரிக்குட்பட்டவராக வேடமிடுவோர் பெருகுவர் என அரசாங்கம் அஞ்சுவதிலும் அர்த்தமுண்டு. ஆயினும், தவறும் ஒருவரிடமிருந்து அறவிடப்படும் விலை அவருடைய தவறின் அளவுக்கு மிகையானது என்பதே எமது கருத்து. முதலாமவரும் இரண்டாமவரும் ஒரே வேலையைச் செய்து, ஒரே வரியைச் செலுத்தி, ஒரே நோக்கத்துக்கு விட்டவர்கள். அறியாமைக்காக ஒருவர் ஒன்பது மாத வருமானத்தை இழப்பது வரிக் கொள்கையாகாது, அது தண்டமாகும்.

சிக்கல் இருப்பதை அரசாங்கம் அறியாததன்று. வரியை எளிமைப்படுத்துவதற்கென அமைக்கப்பட்டிருந்த அலுவலகம், தெரிவு முறையையும் மீளாய்வு செய்யவேண்டுமென 2017 இல் பரிந்துரைத்தது. காணி தொடர்பான வரிவிலக்கை எளிமையாக்குவது பற்றி 2021 இல் அரசாங்கம் கருத்துகளைக் கோரியது. ஆயினும் அடிப்படை விதி மாறவில்லை. மாறாக, 2023 பெப்ரவரி முதல், தெரிவு அறிவித்தல்களை ஏற்றதாகக் கடிதம் அனுப்பும் பழைய நடைமுறையைத் திணைக்களம் நிறுத்திவிட்டது. மின்னஞ்சலில் அனுப்புபவருக்குத் தன்னியக்கப் பதில் ஒன்று மட்டுமே கிடைக்கின்றது. இருபது வருடங்களுக்குக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவின் சான்றைப் பேணும் பொறுப்பு முழுவதும் வர்த்தகரின் மீது விழுந்துள்ளது. அந்தத் தன்னியக்கப் பதிலையும் படிவத்தின் பிரதியையும் குத்தகை உறுதியுடன் சேர்த்துப் பாதுகாப்பது இன்றியமையாதது.

மாற்று வழி இல்லாமலில்லை. அயலிலுள்ள அயர்லாந்து 2008 ஜூலை முதல், கட்டடம் முழுவதற்குமான தெரிவுக்குப் பதிலாக, ஒவ்வொரு வாடகை உடன்படிக்கைக்கும் தனித்தனியே தெரிவு செய்யும் முறையைக் கைக்கொண்டுள்ளது. வரி அறவிடப்படும் என உடன்படிக்கையிலேயே எழுதிவிடலாம். பின்னர் அதனைக் கைவிடவும் முடியும். முடிவு எடுக்கப்படும் மேசையிலேயே, இரு தரப்பினரும் முன்னிலையில் இருக்கும்போதே, வரி பற்றிய கேள்வியும் எழுகின்றது. வாடகைக்கு வருபவரும் தாம் எதற்கு ஒப்பமிடுகின்றார் என்பதை அறிந்துகொள்கின்றார். பிரித்தானியாவும் சிறு உப குத்தகைகளுக்கேனும் இத்தகைய முறையொன்றை ஆராய வேண்டும் என நாம் கருதுகின்றோம்.

எமது நாட்டின் நிலை

இது பிறநாட்டுச் சங்கதி என நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. இலங்கையில் 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம் வேறொரு பாதையைத் தெரிந்துகொண்டது. இங்கு குடியிருப்புகளின் வாடகைக்கு வரிவிலக்கு உண்டு. வர்த்தகக் கட்டட வாடகையோ வரிக்குட்பட்டது. தெரிவு, அறிவித்தல், அனுமதி என்ற படிகள் இல்லை. அந்த வகையில் எமது சட்டம் தெளிவானது.

ஆனால் படிவத்தின் இடத்தில் இங்கே பதிவு எல்லை நிற்கின்றது. 2020 இன் தொடக்கத்தில் வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாவாக இருந்த எல்லை, 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகவும், 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் குறைந்தது. அதனை 36 மில்லியனாக்கும் யோசனை 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வரியோ, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்து நிற்கின்றது. புறக்கோட்டையிலோ யாழ்ப்பாண நகரிலோ கட்டடமொன்றைக் குத்தகைக்கு எடுத்து, சீமெந்துக்கும் தரை ஓட்டுக்கும் 18 வீத வரி செலுத்தித் திருத்தி, சிறு கடைகளாகப் பிரித்து விடுபவர் பதிவு பெறாதவராயின், அந்த வரி அவருக்குத் திரும்பாது. அது எந்தச் சிட்டையிலும் தோன்றாமல் கடை வாடகைக்குள் சென்று மறைகின்றது. அங்கிருந்து சீனி, மா, துணி ஆகியவற்றின் விலைக்குள் செல்கின்றது. எல்லை குறையும்போது இத்தகையோர் பலர் பதிவுக்குள் வருவர். அவர்களுக்குக் கடமைகள் மட்டுமன்றி, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்பதை, அவர்கள் விளங்கும் மொழியில், அவர்கள் கட்டட வேலையைத் தொடங்குமுன் எடுத்துச் சொல்வது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பொறுப்பாகும்.

பிரித்தானியாவிலுள்ள எமது வர்த்தகர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. உப குத்தகை என்ற எண்ணம் தோன்றிய உடனேயே, ஒப்பந்தகாரரை அழைப்பதற்கு முன்னர், கணக்காளரை அழையுங்கள். வருபவர் வரியை மீளப் பெறக்கூடியவரா எனக் கேளுங்கள். சிறு சலுகையின் எல்லைக்குள் அடங்குவீர்களா எனக் கணக்கிடுங்கள். தெரிவு தேவையெனில், உப குத்தகைக்காரர் கடைக்குள் காலடி வைக்குமுன் அதனைச் செய்து, எழுத்தில் அறிவித்து, சான்றைப் பத்திரப்படுத்துங்கள். சிட்டைகள் குத்தகைக்காரரின் பெயரிலேயே இருக்கட்டும். இவற்றுக்குச் செலவாவது சில மணி நேரமும் ஒரு கணக்காளரின் கட்டணமும் மட்டுமே. செய்யாது விட்டால் இழப்பது, அடுத்த கடையைத் தொடங்குவதற்கு வைத்திருந்த முதலாக இருக்கலாம்.